முசோலினி: பத்திரிகையாசிரியர் ஒருவர் பாசிசத் தலைவரான பாதை, 1883–1921

1914 அக்டோபர் தொடக்கத்தில் பெனிட்டோ முசோலினி இத்தாலிய சோசலிசக் கட்சியின் நாளேடான ‘அவாந்தி!’யின் ஆசிரியர். வயது 31. போருக்கு எதிராகக் கட்சி அதற்கு முந்தைய மாதம் வெளியிட்ட அறிக்கையை எழுதியவரும் அவர்தான். நவம்பர் முடிவதற்குள் அதே கட்சி அவரைத் துரோகி என்று வெளியேற்றிவிட்டது. அப்போது அவர் கையில் வேறொரு நாளேடு இருந்தது. இத்தாலி போரில் இறங்கியே ஆக வேண்டும் என்று அது தினமும் எழுதியது. நாலரை ஆண்டு கழித்து பாசிச இயக்கத்தைத் தொடங்க அழைப்பு விடுத்ததும் அந்த நாளேடுதான்.

முசோலினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அவர் ஆட்சிக்கு வந்த 1922க்குத் தாவிவிடுவார்கள். ரோமை நோக்கிய அணிவகுப்பு, கறுப்புச் சட்டை, பால்கனிப் பேச்சு. அதற்கு முந்தைய வாழ்க்கை இரண்டு பத்தியில் முடிந்துவிடும்: கொல்லன் மகன், முரட்டுப் பையன், கட்சி மாறினார், அப்புறம் சர்வாதிகாரி. இந்த ஆய்வு அந்த இரண்டு பத்தியைத்தான் பிரித்துப் பார்க்கிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய சிறு வயதில் சர்வாதிகாரியைத் தேடுவதால் பெரிய பலன் இல்லை. அவர் எந்தெந்தப் பத்திரிகையை நடத்தினார், அவற்றுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தொடர்ந்து போனால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

கொல்லன் பட்டறையும் பள்ளிக்கூடமும்

1883 ஜூலை 29 அன்று, இத்தாலியின் ரொமான்யா பகுதியில் ஃபோர்லி நகருக்கு அருகே, பிரெடாப்பியோவைச் சேர்ந்த தோவியா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ கொல்லர். பட்டறை வேலையைவிட அரசியலில் ஆர்வம் அதிகம். உள்ளூராட்சி மன்ற உறுப்பினராகவும் இருந்தார். அம்மா ரோசா மால்தோனி தொடக்கப் பள்ளி ஆசிரியை, பக்தியுள்ள கத்தோலிக்கர். குடும்பம் பெரும்பாலும் அம்மாவின் சம்பளத்தில்தான் ஓடியது. தம்பி அர்னால்டோ, தங்கை எட்விஜே.

மூத்த மகனுக்கு அப்பா வைத்த முழுப் பெயர் பெனிட்டோ அமில்காரே ஆந்த்ரேயா. பெனிட்டோ என்பது மெக்சிகோ அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸின் பெயர். மற்ற இரண்டும் இத்தாலியப் புரட்சியாளர்களான அமில்காரே சிப்ரியானி, ஆந்த்ரேயா கோஸ்தா ஆகியோருடையவை. கோஸ்தா 1882இல் தேர்வான இத்தாலியின் முதல் சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர், அவரும் ரொமான்யாக்காரர்தான். எந்தப் புனிதரையும் நினைக்காமல் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அந்த நாட்டில் பெரிய விஷயம், அந்தப் பகுதியில் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. 1859 வரை போப்பின் ஆட்சியில் இருந்த பகுதி அது. பாதிரியாரைத் திட்டுவது அங்கே அரசியலின் அரிச்சுவடி. குடியரசுவாதிகள், அராஜகவாதிகள், சோசலிஸ்டுகள் என்று எல்லாரும் ஒரே மதுக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மண்.

ஒன்பது வயதில் அவரை ஃபயென்சாவில் சலேசியப் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அம்மாவின் விருப்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் கட்டணத்துக்கேற்ப மாணவர்களை மூன்று தட்டாகப் பிரித்து உட்கார வைத்தார்கள் என்றும், தான் கடைசி மேசையில் உட்கார்ந்ததாகவும் பின்னாளில் எழுதினார். சக மாணவன் ஒருவனைப் பேனாக்கத்தியால் குத்திய பிறகு அந்தப் பள்ளி வாழ்க்கை முடிந்தது. அடுத்து ஃபோர்லிம்போபோலியில் அரசு சார்ந்த பள்ளி. அங்கேயும் ஒரு கத்திச் சண்டை, ஒரு தண்டனை. ஆனாலும் 1901இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டயம் வாங்கி வெளியே வந்தார். அந்த ஆண்டு இசையமைப்பாளர் வெர்தி இறந்தபோது உள்ளூர் அரங்கில் இரங்கல் பேச்சு பேசிய மாணவர் அவர். அந்தச் செய்தி ‘அவாந்தி!’யில் வந்தது. பதினொரு ஆண்டு கழித்து அவரே அதன் ஆசிரியர்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சண்டைக்காரப் பையன் கதைகளில் பெரும் பகுதிக்கு மூலம் முசோலினியேதான். 1911–12இல் சிறையில் இருந்தபோது, 28 வயதில், தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். திருட்டு, அடிதடி, பெண்களிடம் காட்டிய முரட்டுத்தனம் எல்லாவற்றையும் ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறார். யாருக்கும் அடங்காத கலகக்காரன் என்ற உருவத்தைத் தனக்குத் தானே செதுக்கிக்கொண்ட எழுத்து அது. பின்னால் வந்த பாசிச வாழ்க்கை வரலாற்றாளர்கள் அதைப் புகழ்ச்சிக்கும், எதிரிகள் அதையே இகழ்ச்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் அவர் பரிமாறியதைத்தான் சாப்பிட்டது.

சுவிட்சர்லாந்து: கூலியாள் முதல் கட்டுரையாளர் வரை

1902இல் குவால்தியேரி என்ற ஊரில் சில மாதம் ஆசிரியர் வேலை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஜூலையில் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். வேலை தேடிப் போனார் என்பது உண்மை. கட்டாய ராணுவ சேவைக்கான வயது நெருங்கியதும் உண்மை. போன சில வாரத்திலேயே லொசான் நகரில் பாலத்தடியில் தூங்கியதற்காக நாடோடி என்று கைது செய்தார்கள். ஓர்ப் என்ற ஊரில் கட்டட வேலை செய்ததைப் பற்றி நண்பருக்கு எழுதிய கடிதம் கிடைக்கிறது. மணிக்கு 32 சென்ட், நாளுக்கு 11 மணி நேரம். கல் நிரப்பிய சுமையை இரண்டாம் மாடிக்கு 121 தடவை தூக்கிப் போனேன் என்று கணக்குச் சொல்கிறார். கைவேலையில் அவர் நீடித்தது கொஞ்ச காலம்தான். ஆனால் அந்தச் சில வாரம் அவருக்கு ஆயுள் முழுக்க உதவியது. ‘நானும் கொத்தனார் வேலை பார்த்தவன்’ என்று பிற்காலத்தில் மேடையில் சொல்லிக்கொள்ள முடிந்தது.

லொசானில் இத்தாலியக் கொத்தனார்கள், கூலிகள் சங்கத்தின் செயலாளரானார். சோசலிசப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். 1903இல் பெர்ன் நகரில் பொது வேலைநிறுத்தத்தைத் தூண்டியதாகக் கைது, நாடு கடத்தல், மறுபடி திரும்பல். 1904இல் கடவுச்சீட்டில் தேதியைத் திருத்தியதாக ஜெனீவாவில் கைது. அந்த ஆண்டு லொசானில், கடவுள் உண்டா இல்லையா என்று தல்லியாலத்தேலா என்ற சுவிசேஷப் போதகருடன் மேடையேறி வாதாடி, தன் பக்க வாதத்தைச் சிறுநூலாகவும் வெளியிட்டார். கடவுள் இல்லை என்பதுதான் அவர் பக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் அவரை வளர்த்துவிட்டவர் ஆஞ்சலிகா பலபானோஃப். ரஷ்யப் பேரரசில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்து, பல மொழிகள் கற்று, இத்தாலிய சோசலிசத்துக்கு வாழ்வைக் கொடுத்தவர். கசங்கிய சட்டையும் கூச்ச சுபாவமுமாக வந்த இளைஞருக்கு மொழிபெயர்க்கச் சொல்லிக்கொடுத்தார், மேடை ஏற்றிவிட்டார். மார்க்சைவிட முசோலினி மனதில் தங்கியவர்கள் வேறு சிலர்: சிறுபான்மையின் துணிச்சலால் புரட்சி வரும் என்ற பிளாங்கி, பொது வேலைநிறுத்தத்தையும் வன்முறையையும் புராணம் போலக் கொண்டாடிய சொரெல், அப்புறம் நீட்சே. நீட்சேயைப் பற்றி 1908இல் ஒரு கட்டுரையே எழுதினார். உழைப்பாளி வர்க்கம் என்ற சொல் அவர் எழுத்தில் எங்கும் இருக்கும். ஆனால் கூலி உயர்வு, கூட்டுறவுக் கடை, தொழிலாளர் காப்பீடு மாதிரி அன்றாட விஷயங்கள் வந்தால் அவருக்குச் சலிப்பு. சோசலிசத்தில் அவரை இழுத்தது சண்டை.

ராணுவத்துக்கு வராமல் தப்பியதற்காக அவர் இல்லாமலேயே அவருக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். 1904 செப்டம்பரில் பட்டத்து இளவரசர் உம்பர்த்தோ பிறந்தபோது அரசு பொது மன்னிப்பு கொடுத்தது. முடியாட்சியைத் திட்டிவந்தவர் இளவரசர் பிறந்த புண்ணியத்தில் ஊர் திரும்பினார். 1905 ஜனவரியில் இருந்து சுமார் இருபது மாதம் பெர்சாலியேரி படைப்பிரிவில் ஒழுங்காகப் பணியாற்றினார். அந்தப் பிப்ரவரியில் அம்மா இறந்தார். ஆறுதல் சொன்ன படை அதிகாரிக்கு எழுதிய பதிலில், தேசத்தை இரத்தத்தால் இணைத்த வீரர்களைப் புகழ்ந்திருக்கிறார். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்குப் பிடித்த குரலில் எழுதும் கை அப்போதே பழகியிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். தோல்மெஸ்ஸோவிலும் ஒனேல்யாவிலும் ஆசிரியர் வேலை. ஒனேல்யாவில் ஒரு சோசலிச வாரப் பத்திரிகை. 1909இல் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த ட்ரெண்டோ நகரில் தொழிலாளர் சங்கச் செயலாளர், அங்கேயும் பத்திரிகை. செசாரே பத்திஸ்தி என்ற இத்தாலிய சோசலிஸ்டின் நாளேட்டிலும் எழுதினார். பத்திஸ்தி தேசியத்தையும் சோசலிசத்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டவர். 1916இல் ஆஸ்திரியர்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். முசோலினியை ஏழெட்டு மாதத்தில் ஆஸ்திரிய அரசு நாடு கடத்தியது. மறு ஆண்டு அதே நாளேட்டுக்காக, கார்டினல் ஒருவரின் காதலியைப் பற்றித் தொடர்கதையும் எழுதினார். பத்திரிகை விற்க வேண்டுமே.

ஃபோர்லி, சிறை, கட்சி மாநாடு

1910 ஜனவரியில் ஃபோர்லிக்குத் திரும்பி ‘லா லோத்தா தி கிளாஸ்ஸே’, அதாவது வர்க்கப் போராட்டம், என்ற வாரப் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். பெரும்பாலும் தனியாகவே எழுதி நிரப்பினார். அதே மாதம் ராக்கேலே குவிதியுடன் சேர்ந்து வாழத் தொடங்கினார். ராக்கேலேயின் தாய், முசோலினியின் அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ தன் மனைவி இறந்த பிறகு சேர்ந்து வாழ்ந்த பெண். செப்டம்பரில் மகள் எட்டா பிறந்தாள், நவம்பரில் அப்பா இறந்தார். தேசியக் கொடி சாணக் குவியலில் நடவேண்டிய கந்தல் என்று இவர் எழுதியது இந்தக் காலத்தில்தான்.

1911 செப்டம்பரில் பிரதமர் ஜொலித்தியின் அரசு லிபியாவைப் பிடிக்கத் துருக்கியோடு போர் தொடங்கியது. ஃபோர்லியில் வேலைநிறுத்தம், ரயில் பாதையில் மறியல், கலவரம். முசோலினி கைதானார். சுமார் ஐந்து மாதம் சிறை. கூடவே சிறையில் இருந்தவர் பியெத்ரோ நென்னி என்ற இளம் குடியரசுவாதி. ஃபயென்சாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். இருவரும் சிறையில் நெருங்கிய நண்பர்கள். நென்னியை இந்த ஆய்வில் ஒப்பீட்டுக்காகவே வைத்திருக்கிறேன், பின்னால் வருவார்.

லிபியப் போர் இன்னொன்றையும் செய்தது. சோசலிசக் கட்சியின் மிதவாதத் தலைவர்களைச் சங்கடத்தில் தள்ளியது. 1912 மார்ச்சில் மன்னர் மீது ஓர் அராஜகவாதி சுட்டபோது, பிஸ்ஸோலாத்தி, பொனோமி, கப்ரீனி ஆகிய மூன்று மிதவாதிகள் அரண்மனைக்குப் போய், மன்னர் உயிர் தப்பியதற்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஜூலையில் ரெஜ்ஜோ எமிலியாவில் கூடிய கட்சி மாநாட்டில் இதைப் பிடித்துக்கொண்டார் முசோலினி. மன்னரைச் சுடுவது கொத்தனார் சாரத்திலிருந்து விழுவது மாதிரி ஒரு தொழில் விபத்து, அதற்கெல்லாம் நாம் ஏன் போய் வருந்த வேண்டும் என்கிற தொனியில் பேசினார். மூவரும் வெளியேற்றப்பட்டார்கள். மாகாணத்துக்காரர் ஒரே பேச்சில் தேசியத் தலைவர்களில் ஒருவரானார். டிசம்பரில் ‘அவாந்தி!’யின் ஆசிரியர் நாற்காலி. பலபானோஃப் துணையாசிரியர்.

பத்திரிகையாசிரியராக அவர் திறமைசாலி என்பதை மறுக்க முடியாது. முந்தைய ஆசிரியர்களின் நீண்ட பத்திகள் போய், குட்டி வாக்கியமும் பெரிய தலைப்பும் வந்தன. 1913 ஜனவரியில் ரொக்ககோர்கா என்ற ஊரில் ஆர்ப்பாட்டம் செய்த கிராம மக்களைப் படையினர் சுட்டுக்கொன்றபோது, ‘அரசு செய்த கொலை’ என்று தலைப்பிட்டார். விற்பனை வேகமாக ஏறியது. ஆனால் அதே ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஃபோர்லியில் நின்று தோற்றார். தலைப்புக்குக் கைதட்டுகிறவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுவதில்லை என்ற பாடம் அவருக்கு முதலில் கிடைத்தது அப்போது; இரண்டாம் முறை ஆறு ஆண்டு கழித்து.

1914 ஜூன் மாதம் அங்கோனாவில் போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தார்கள். நாடெங்கும் வேலைநிறுத்தம்; ரொமான்யாவில் சில ஊர்களில் குடியரசே அறிவித்தார்கள். ‘சிவப்பு வாரம்’ என்று இதற்குப் பெயர். தொழிற்சங்கக் கூட்டமைப்பு இரண்டு நாளில் வேலைநிறுத்தத்தை நிறுத்திக்கொண்டது. முசோலினிக்கு ஆத்திரம். தெருவில் கூட்டம் இருந்தும் கட்சியால் புரட்சி நடத்த முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தது இந்த வாரத்தில்தான் என்று நினைக்கிறேன். ஏழு வாரத்தில் உலகப் போர் தொடங்கியது.

ஆறு வாரத்தில் நடந்தது

இனி வருவதுதான் ஆய்வின் நடுப்பகுதி. நாள் வரிசையிலேயே பார்ப்போம்.

ஜூலை 26: ‘போர் ஒழிக’ என்று அவாந்தியில் எழுதுகிறார். ஆகஸ்டில் இத்தாலி நடுநிலை அறிவிக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு சோசலிஸ்டுகள் தத்தம் அரசுகளின் போர்க் கடனுக்கு ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள். சர்வதேச சோசலிசம் ஒரே வாரத்தில் நொறுங்குகிறது. செப்டம்பரில் கட்சியின் போர் எதிர்ப்பு அறிக்கையை எழுதுகிறார். ஆனால் தனிப் பேச்சில் வேறு மாதிரி பேசுகிறார் என்று காதோடு காது செய்தி போகிறது. அக்டோபர் 7: போலோஞாவின் ‘இல் ரெஸ்தோ தெல் கார்லீனோ’ நாளேட்டில், அவாந்தியின் ஆசிரியர் வெறும் வைக்கோல் பொம்மை, வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இருக்கிறார் என்று போர் ஆதரவாளர் ஒருவர் பகிரங்கமாகத் தாக்குகிறார்.

அக்டோபர் 18: முழு நடுநிலையை விட்டுவிட்டு ‘செயலூக்கமுள்ள நடுநிலைக்கு’ மாற வேண்டும் என்று, கட்சியிடம் கேட்காமல், கட்சியின் நாளேட்டிலேயே எழுதிவிடுகிறார். அடுத்த இரண்டு நாளில் போலோஞாவில் கட்சி நிர்வாகக் குழு கூடுகிறது. அவர் தீர்மானத்துக்கு விழுந்த ஓட்டு ஒன்று, அவருடையது. ஆசிரியர் பதவியை விடுகிறார். நவம்பர் 15: மிலானில் ‘இல் பொப்போலோ தித்தாலியா’ முதல் இதழ். பெயருக்குக் கீழே ‘சோசலிச நாளேடு’ என்று போட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு மேற்கோள்: இரும்பு வைத்திருப்பவனிடமே ரொட்டி இருக்கும் என்ற பிளாங்கி, புரட்சி என்பது துப்பாக்கி முனையைக் கண்டடைந்த கருத்து என்ற நெப்போலியன். நவம்பர் 24: மிலான் கட்சிக் கிளைக் கூட்டத்தில் வெளியேற்றம். காசு விட்டெறிந்து, ‘யார் பணம் தருகிறான்?’ என்று கத்துகிறார்கள். ‘நீங்கள் என்னை வெறுக்கக் காரணம், இன்னும் என்னை நேசிப்பதுதான்’ என்கிறார் அவர்.

யார் பணம் தந்தது? கேள்வி நியாயமானதுதான். கார்லீனோவின் ஆசிரியர் ஃபிலிப்போ நால்தி முதல் ஏற்பாட்டைச் செய்தார். போர் வந்தால் லாபம் பார்க்கக்கூடிய மின்சார, சர்க்கரை, எஃகு, வாகனத் தொழிலதிபர்களிடமிருந்து பணம் வந்தது. இத்தாலி தங்கள் பக்கம் சேர வேண்டும் என்று விரும்பிய பிரான்சிலிருந்தும் வந்தது. 1917இல் பிரிட்டிஷ் உளவுத்துறை வாரத்துக்கு 100 பவுண்ட் கொடுத்த விவரம் பல பத்தாண்டு கழித்து ஆவணங்களில் வெளிப்பட்டது. கொடுத்தவர் சாமுவேல் ஹோர், பின்னாளில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர். ட்ரெண்டோ பகுதியைச் சேர்ந்த ஈடா தால்செர் என்ற பெண் தன் அழகு நிலையத்தை விற்றுக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். 1915 நவம்பரில் அவருக்கு முசோலினியின் மகன் பிறந்தான். அடுத்த மாதமே முசோலினி ராக்கேலேயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். தாயும் மகனும் பின்னாளில் மனநல விடுதிகளில் அடைபட்டு இறந்தார்கள்.

அப்படியென்றால் விலை போனாரா? நேரடியாக அப்படிச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. ட்ரெண்டோ அனுபவம், சிவப்பு வாரத்து ஏமாற்றம், போர் வந்தால் பழைய ஒழுங்கு உடையும் என்ற கணக்கு, ஒதுங்கி நிற்பதில் அவருக்கிருந்த இயல்பான வெறுப்பு எல்லாம் அக்டோபருக்கு முன்பே இருந்தன. பணத்துக்காக மனம் மாறவில்லை. ஆனால் பணம் இல்லாமல் இருந்திருந்தால் கட்சியை விட்டு வெளியே போன இன்னொரு கலகக்காரராகத் தேய்ந்திருப்பார். பணம் அவருக்குக் குரலை வைத்திருக்க உதவியது. குரலுக்கு மாதாமாதம் செலவு இருந்தது. கட்சிச் சந்தா கிடையாது, தொழிற்சங்க நிதி கிடையாது. காகித விலை, அச்சுக் கூலி, ஊழியர் சம்பளம் எல்லாவற்றுக்கும் வேறு கையைத்தான் பார்க்க வேண்டும். ‘சோசலிச நாளேடு’ என்ற வரி 1918 ஆகஸ்டில் போய், ‘போர்வீரர்கள், உற்பத்தியாளர்கள் நாளேடு’ என்று வந்தது. உற்பத்தியாளர்கள் என்றால் தொழிலாளியும் அடங்குவார், முதலாளியும் அடங்குவார். வசதியான வரி.

இங்கேதான் நென்னி வருகிறார். அவரும் ரொமான்யா, அவரும் வறுமை, அவரும் லிபியப் போருக்கு எதிராகச் சிறை, சிவப்பு வாரத்தில் முன்வரிசை, 1914இல் அவரும் போர் வேண்டும் என்றார். 1919இல் போலோஞாவின் முதல் பாசிசக் குழுவைத் தொடங்கியவர்களில்கூட அவர் ஒருவர். ஆனால் சீக்கிரமே விலகி, 1921இல் சோசலிசக் கட்சியில் சேர்ந்து, வாழ்நாள் முழுக்கப் பாசிச எதிரியாக இருந்தார். 1943 ஜூலையில் முசோலினி பதவியிழந்து போன்சா தீவுக்குக் கைதியாகக் கொண்டுவரப்பட்டபோது, அதே தீவில் ஏற்கெனவே கைதியாக இருந்தவர் நென்னி. கொல்லன் பட்டறை, விடுதிப் பள்ளி, மண்ணின் குணம் இவற்றால் முசோலினியை விளக்க முயன்றால், அதே மண் நென்னியையும் தந்தது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருவருக்கும் சுபாவத்தில் வேறுபாடு இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்று, முசோலினியிடம் காப்பாற்ற வேண்டிய ஒரு நாளேடு இருந்தது.

போர்முனையும் ஒரு படுதோல்வியும்

1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியது. அதற்கு முன்பு மார்ச்சில், அவாந்தியின் முன்னாள் ஆசிரியர் கிளாவுதியோ த்ரேவெஸுடன் வாள் சண்டையே போட்டார் முசோலினி. செப்டம்பரில் பெர்சாலியேரி வீரராக, ஆஸ்திரியாவுடன் போர் நடந்த இசொன்ஸோ முனைக்குப் போனார். பெரிய வீரச் செயல் எதுவும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. 1917 பிப்ரவரி 23 அன்று பயிற்சியின்போது குண்டெறி கருவி வெடித்து உடம்பில் நாற்பதுக்கு மேற்பட்ட இரும்புத் துண்டுகள் பாய்ந்தன. மருத்துவமனை, விடுவிப்பு, மறுபடி பத்திரிகை. அந்த ஆண்டு அக்டோபரில் கப்பொரெத்தோவில் இத்தாலியப் படை சிதறியது. டிசம்பரில் எழுதிய கட்டுரையில், இனி நாடு இரண்டாகத்தான் பிரியும், பதுங்குகுழியில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்றார். வர்க்கத்தின் இடத்தில் முன்னாள் போர்வீரரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அப்புறம் ஓர் இயக்கம் தொடங்குவது மட்டும்தான் மிச்சம்.

1919 மார்ச் 23, மிலானின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில் வணிகர் சங்கம் ஒன்றின் கூடம். முன்னாள் அதிரடிப் படையினர், மரினெத்தி போன்ற எதிர்காலவாதக் கலைஞர்கள், சோசலிசத்தை விட்டு வந்தவர்கள் என்று சில நூறு பேருக்கு மேல் இல்லை. பின்னாளில் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் எண்ணிக்கை அந்தக் கூடத்தில் அடங்காது. ஜூனில் வெளியான திட்டத்தைப் படித்தால் இன்றைக்கும் ஆச்சரியம் வரும்: எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு ஓட்டுரிமை, செனட் ஒழிப்பு, மூலதனத்தின் மீது கடுமையான வரி, மதச் சபைகளின் சொத்துப் பறிமுதல், போர் லாபத்தில் 85 சதவீதம் பறிமுதல். இது காகிதம். செயல் வேறு: கூட்டம் நடந்து மூன்று வாரத்தில், ஏப்ரல் 15 அன்று, மிலானில் அவாந்தி அலுவலகத்தைத் தாக்கி எரித்தார்கள். முசோலினி ஆசிரியராக இருந்த அதே பத்திரிகை. தாக்கியவர்களோடு அவர் போகவில்லை. பொறுப்பை மட்டும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

நவம்பரில் பொதுத் தேர்தல். மிலானில் பாசிசப் பட்டியலில் முசோலினியோடு மரினெத்தியும், இசை நடத்துநர் ஆர்த்தூரோ தொஸ்கனீனியும் இருந்தார்கள். (தொஸ்கனீனி சீக்கிரமே வெறுத்துப்போய், பாசிச கீதத்தை வாசிக்க மறுத்து, 1931இல் போலோஞாவில் அதற்காக அடியும் வாங்கினார்.) சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டில் பட்டியலுக்கு 5,000கூடக் கிடைக்கவில்லை. சோசலிஸ்டுகள் நாட்டில் 156 இடம் பிடித்து முதல் கட்சியானார்கள். மிலான் தெருவில் முசோலினிக்குப் போலிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். ஆயுதம் வைத்திருந்ததாகப் போலீஸ் அவரைப் பிடித்து, ஒரு நாளில் விட்டுவிட்டது. ஆண்டு இறுதியில் நாடு முழுக்கப் பாசிசக் குழுக்களில் ஆயிரம் பேர்கூட இல்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்கு அவர் காரணம் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1920இல் போ நதிச் சமவெளியில் விவசாயக் கூலிச் சங்கங்கள் உச்சத்தில் இருந்தன. யாரை வேலைக்கு எடுப்பது, எத்தனை பேரை எடுப்பது என்பதைச் சங்கமே தீர்மானித்தது. செப்டம்பரில் வட இத்தாலியில் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். ஜொலித்தி படையை அனுப்பாமல் காத்திருந்து பேச்சு நடத்தி முடித்தார். முதலாளிகளுக்கும் நிலக்கிழார்களுக்கும் அரசு தங்களைக் கைவிட்டதாகக் கோபம். நவம்பர் 21 அன்று போலோஞாவில் புதிய சோசலிச நகராட்சி பதவியேற்ற நாளில் துப்பாக்கிச் சூடு, பல சாவுகள். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க நிலக்கிழார்கள் பணமும் லாரியும் கொடுக்க, ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்ச் சங்க அலுவலகங்களை எரித்தன. சங்கத் தலைவர்களை அடித்து, விளக்கெண்ணெய் குடிக்க வைத்தன. இந்தக் குழுக்களின் தலைவர்கள், ஃபெர்ராராவில் இதாலோ பால்போ, போலோஞாவில் தீனோ கிராந்தி, கிரெமோனாவில் ரொபெர்த்தோ ஃபரினாச்சி. போலீசும் ராணுவமும் பல இடத்தில் கண்டுகொள்ளவில்லை, சில இடத்தில் உதவின. இந்த அலையை மிலானிலிருந்து முசோலினி கிளப்பவில்லை. அவர் செய்தது, தனித்தனியாக நடந்த அடிதடிக்கு ஒரே பெயரும் ஒரே பத்திரிகையும் கொடுத்தது.

பிரதமர் ஜொலித்தி தன் பங்குக்குக் கதவைத் திறந்துவிட்டார். 1921 மேயில் நடந்த தேர்தலில் சோசலிஸ்டுகளையும் கத்தோலிக்க மக்கள் கட்சியையும் மட்டுப்படுத்த, பாசிஸ்டுகளைத் தன் தேசியக் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். உள்ளே வந்தால் அடங்கிவிடுவார்கள் என்ற கணக்கு. 35 பாசிஸ்டுகள் உறுப்பினர்களானார்கள், முசோலினியும் ஒருவர். ஜூன் 21 அன்று நடந்த கன்னிப் பேச்சில், அரசு பொருளாதாரத்தில் தலையிடக் கூடாது என்றார். ரோமின் லத்தீன் பாரம்பரியத்தை இன்று ஏந்தி நிற்பது கத்தோலிக்கம்தான் என்றும் சொன்னார். லொசானில் கடவுள் இல்லை என்று வாதாடியவர், இரண்டு ஆண்டு முன்பு சபைச் சொத்தைப் பறிக்கச் சொன்னவர். அவையில் இருந்த பழைய தோழர்களுக்கு அதிர்ச்சியாக இருந்ததோ என்னவோ, அவருக்குப் பழக்கமான வேலைதான். எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசினார்.

ஆகஸ்டில் அவர் இன்னொரு கணக்குப் போட்டார். சோசலிஸ்டுகளோடும் தொழிற்சங்கக் கூட்டமைப்போடும் சமாதான ஒப்பந்தம் செய்தார். அடியாட்படைகளை அடக்கி, தன்னை முறையான நாடாளுமன்றத் தலைவராகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அது. மாகாணத் தலைவர்கள் கொதித்தெழுந்தார்கள். பால்போவும் கிராந்தியும் தலைமையைத் தேசியவாதக் கவிஞர் தனுன்ஸியோவுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கும் அளவுக்குப் போனது. முசோலினி நிர்வாகக் குழுவிலிருந்து விலகுவதாக அறிவித்தார், அப்புறம் இறங்கி வந்தார். நவம்பரில் ரோமில் நடந்த மாநாட்டில் ஒப்பந்தம் குழியில் போனது. பதிலுக்கு இயக்கம் தேசிய பாசிசக் கட்சியாக மாறி, அவர் தலைமையை ஏற்றது. அதற்குள் உறுப்பினர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த அக்டோபரில் பாசிஸ்டுகள் ரோமை நோக்கி அணிவகுக்க, அவர்களைத் தடுக்கும் அவசரநிலை ஆணையில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்தபோது, முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலேறி ரோமுக்குப் போய் 39 வயதில் பிரதமரானார்.

பதவி வந்த பிறகும் ‘இல் பொப்போலோ தித்தாலியா’வை வெளியார் கையில் விடவில்லை. தம்பி அர்னால்டோவை ஆசிரியராக்கி, அவர் 1931 டிசம்பரில் இறக்கும்வரை அவரிடமே வைத்திருந்தார். அதற்குப் பிறகு அர்னால்டோவின் மகன். 1943 ஜூலையில் முசோலினி பதவியிழந்தபோது பத்திரிகையும் நின்றது.